தைம் - மலைத் தோட்டத்திற்கு ஏற்ற மணச்செடி

நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் வாழும் உழவர் பெருமக்கள் வீட்டுக் கொல்லையில் காய்கறிகளுடன் புதினா, கொத்தமல்லி, செலரி, பார்ஸ்லி முதலியவற்றையும் இரண்டொரு பாத்திகளில் வளர்த்து வருகின்றனர். அண்மைக் காலத்தில் தைம் என்னும் செடியையும் பலர் வாங்கி நட்டுப் பார்க்கின்றனர். நட்டவர்களில் பலர் எங்களைச் சந்திக்கும்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான். "வாங்கி வந்தபோது செழிப்பாக இருந்தது. மழை பிடித்தவுடன் கருகிவிட்டது. என்ன மருந்து தெளிக்கலாம்?"

இதற்கு மருந்து கிடையாது. செடியைச் சாகடிப்பது பெரும்பாலும் நாம் ஊற்றும் நீரும் நாம் இடும் எருவுமே ஆகும். தைம் செடியின் பிறந்த ஊரைத் தெரிந்துகொண்டால் இது எளிதில் விளங்கும்.

ஸ்பெயின், தெற்குப் பிரான்சு, இத்தாலி ஆகிய நாடுகளில் மத்தியதரைக் கடலை ஒட்டிய வறண்ட குன்றுகளில் இச்செடி தானாக வளர்கிறது. அக்குன்றுகள் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. மேல்மண் மிகக் குறைவு. மழை குளிர்காலத்தில் பெய்து, பாறை இடுக்குகள் வழியே உடனே வடிந்துவிடும். கோடையில் மாதக் கணக்கில் மழையே இராது. அந்த வறட்சியைத் தாங்குவதற்காகவே இதன் இலைகள் கால் அங்குலத்திற்கும் குறைவாகச் சிறுத்து, ஓரங்கள் கீழ்நோக்கிச் சுருண்டு, அடிப்பக்கம் சாம்பல் நிறப் பூனைமயிருடன் காணப்படுகின்றன. துளசி, புதினா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், புதினாவுக்குச் செய்யும் பணிவிடை இதற்கு ஆகாது. புதினா வாய்க்கால் ஓரத்துச் செடி. தைம் பாறை ஓரத்துச் செடி.

இதை நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மலையில் பணியில் சேர்ந்த முதல் ஆண்டு, குடியிருப்பின் பின்புறம் 24 செடிகள் நட்டேன். ஆழக் கொத்தி, கூடை கூடையாகத் தொழுஉரம் இட்டு, நாள்தோறும் மாலையில் பூவாளியால் நீர் ஊற்றி வந்தேன். செப்டம்பரில் பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினர். அக்டோபர், நவம்பர் மழை முடிந்தபோது எஞ்சியவை இரண்டே செடிகள். அவையும் பாத்தியில் இருந்தவை அல்ல. இடம் போதாமல், காரை உதிர்ந்துகொண்டிருந்த பழைய கல்சுவரின் அடியில் வேண்டாவெறுப்பாக ஊன்றி வைத்தவை. தோட்டப் பணிக்கு வந்த பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "சார், நல்லா சோறு போட்டே கொன்னுட்டீங்க" என்றார். பட்டமேற்படிப்பில் நான் படித்த பாடத்தை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

எங்கு வளரும்?

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டருக்கு மேற்பட்ட மலைப் பகுதிகளில், அதாவது உதகை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் ஆகிய இடங்களில் தைம் பல ஆண்டுகள் நின்று பலன் தரும். ஏற்காட்டிலும் நல்ல வடிகால் உள்ள சரிவுகளில் முயன்று பார்க்கலாம்.

சமவெளி உழவர்கள் இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே எனது கருத்து. கார்த்திகை முதல் மாசி வரை தொட்டியில் வைத்துப் பார்க்கலாம். சித்திரை வெயிலும் அதன் பின்வரும் புழுக்கமும் செடியை மெல்ல மெல்ல அழித்துவிடும். இதற்காக வருந்தவும் வேண்டியதில்லை. தைம் இலையின் மணத்திற்குக் காரணமான தைமால் என்னும் பொருள் நமது ஓமத்தில் ஏராளமாக உள்ளது. ஜெர்மனியைச் சேர்ந்த காஸ்பர் நியூமன் என்பவர் 1719-ம் ஆண்டில் தைம் செடியிலிருந்து பிரித்தெடுத்த அதே பொருள்தான், நமது வீடுகளில் ஓமத் தண்ணீராகக் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. புழக்கடையில் வளரும் கற்பூரவல்லியின் மணமும் தைமாலும், அதன் நெருங்கிய உறவான கார்வகிரால் என்னும் பொருளும் சேர்ந்ததே. மேற்கிந்தியத் தீவுகளில் கற்பூரவல்லியை 'அகன்ற இலைத் தைம்' என்றே அழைத்துச் சமையலில் பயன்படுத்துகின்றனர். ஆகவே சமவெளியில் இருப்பவர்கள் ஒரு கற்பூரவல்லிக் கிளையை ஒடித்து ஊன்றிக்கொண்டால் போதுமானது. இனி வருவன மலைப் பகுதி உழவர்களுக்கானவை.

இடமும் பாத்தியும்

நாள் ஒன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழும் இடமே ஏற்றது. கிழக்கு அல்லது தெற்கு நோக்கிய சரிவு மிகவும் நல்லது. சில்வர் ஓக், யூகலிப்டஸ் மர நிழல் விழும் இடம் வேண்டாம். பள்ளத்தில் உள்ள தோட்டங்களில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி தேங்கும். வேர் பிடித்த செடி பனியைத் தாங்கும், இளஞ்செடி தாங்காது. எனவே பள்ளத்தை விட மேட்டுப் பகுதியைத் தேர்ந்தெடுக்கவும்.

குடும்பத் தேவைக்கு ஐந்தாறு செடிகளே போதும். கொஞ்சம் விற்பனைக்கும் வேண்டும் என்றால் 1 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளமுள்ள ஒரு பாத்தி அமைக்கலாம். 30 செ.மீ. இடைவெளியில் அதில் ஏறக்குறைய 30 செடிகள் பிடிக்கும். பாத்தி தரைமட்டத்திலிருந்து 20 முதல் 25 செ.மீ. உயரம் இருக்கட்டும். சுற்றிலும் கருங்கல் அடுக்கினால் மண் கரையாது. சரிவின் மேற்புறத்தில் ஒரு சிறு கால்வாய் வெட்டி, மேலிருந்து வரும் மழைநீர் பாத்திக்குள் நுழையாமல் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். மலையில் பாத்தியின் மேல் விழும் மழையை விட, மேட்டிலிருந்து மண்ணுக்குள் ஊறி வரும் நீரே அதிகக் கேடு செய்கிறது.

அடிப்பகுதியில் ஒரு சாண் கனத்திற்கு உடைத்த செங்கல், ஜல்லி ஆகியவற்றை நிரப்பி, அதன்மேல் தோட்ட மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு கலந்து இடவும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் சுண்ணாம்புக் காரை கிடைத்தால் விடாதீர்கள். அதைத் தூளாக்கி மண்ணுடன் கலந்தால் வடிகாலும் கிடைக்கும், சுண்ணாம்பும் கிடைக்கும். எனது இரண்டு செடிகளைக் காப்பாற்றியது அதுவே. சிமெண்டுப் பூச்சு இதற்கு ஈடாகாது.

சுண்ணாம்பைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நமது மலை மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை கொண்டது. கார அமில நிலை 5-க்கும் கீழே இருப்பது சாதாரணம். தேயிலை அதை விரும்பும். தைம் 6 முதல் 8 வரையுள்ள நிலையில்தான் நன்கு வளரும். உருளைக்கிழங்கு, காரட் பயிர்களுக்காகத் தங்களது மண்ணை ஏற்கெனவே பரிசோதனை செய்திருந்தால் அந்த அட்டையே போதும். இல்லையெனில் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்துக்கொள்ளவும். புளிப்பு மிகுந்த மண்ணாயின், சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் வரை விவசாயச் சுண்ணாம்போ டாலமைட்டோ தூவிக் கொத்திக் கலந்து, மூன்று வாரங்கள் ஆறவிட்டு நடவு செய்யலாம்.

எரு விஷயத்தில் கைச்சுருக்கம் தேவை. நன்கு மக்கிய தொழுஉரம் சதுர மீட்டருக்கு 1 கிலோ அடியுரமாக இட்டால் போதும். யூரியா கூடாது. தழைச்சத்து மிகுந்தால் செடி தளதளவென்று நீண்டு வளரும், தண்டு வலுவிழந்து படுத்துவிடும், மணம் குறையும், பூசணம் எளிதில் தாக்கும். காரட்டுக்கு இட்ட உரம் மீந்துவிட்டதென்று இதற்குப் போட்டுவிட வேண்டாம்.

செடி உண்டாக்குதல்

விதை மிகவும் நுண்ணியது. ஒரு சிட்டிகையில் நூற்றுக்கணக்கில் இருக்கும். மணலுடன் கலந்து தட்டில் தூவி, மேலே மண் மூடாமல் இலேசாக அழுத்திவிட்டால் போதும். இரண்டு மூன்று வாரங்களில் முளைக்கும். ஆனால் நாற்று நடவுக்குத் தயாராக இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதற்குள் நாற்றழுகலில் பாதி போய்விடும். விதைச் செடிகள் ஒன்றுபோல் மணப்பதும் இல்லை. எலுமிச்சை மணமுள்ள தைம் வகையில் விதையிலிருந்து தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது. அதைக் குச்சியிலிருந்துதான் பெருக்க வேண்டும்.

அண்டை வீட்டிலோ உறவினர் தோட்டத்திலோ இரண்டு மூன்று ஆண்டுகள் மழையைத் தாங்கி நிற்கும் செடி ஒன்று இருந்தால், அதிலிருந்து குச்சி வெட்டி வருவதே சிறந்த வழி. பூக்காத நுனிக் கிளையில் 8 முதல் 10 செ.மீ. நீளம் வெட்டி, அடிப்பாதி இலைகளை உருவிவிட்டு, மணல் பாதியும் மண் பாதியும் நிரப்பிய பாலிதீன் பையில் ஊன்றவும். பையின் அடியில் நான்கைந்து துளைகள் இருக்கட்டும். நிழலில் வைத்து, மேல்மண் காயும்போது மட்டும் தெளித்து வந்தால் நான்கு முதல் ஆறு வாரங்களில் வேர்விடும். பத்துக்கு ஆறேழு தேறினால் திருப்தி அடையலாம்.

இதைவிட எளிது பதியன் போடுதல். பெண்கள் இதைக் கைவேலையாகவே செய்துவிடலாம். தரையோடு படர்ந்த ஒரு கிளையை வளைத்து, நடுப்பகுதியில் இலைகளை உருவி, அதன்மேல் ஒரு பிடி மணல் கலந்த மண்ணை இட்டு, ஒரு கல்லை வைத்துவிடவும். இரண்டு மாதம் கழித்துக் கல்லை எடுத்துப் பார்த்தால் வேர் தெரியும். தாய்ச்செடியிலிருந்து வெட்டிப் பெயர்த்து நட்டுக்கொள்ளலாம்.

எப்போது நடுவது?

மலை முழுவதற்கும் ஒரே பருவத்தைக் கூற இயலாது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெருமழை அக்டோபர், நவம்பரில் வருகிறது. அங்கு பிப்ரவரியில் குச்சி ஊன்றி, ஏப்ரல், மே மாதக் கோடை மழையில் நடலாம். வடகிழக்குப் பருவமழைக்குள் செடிக்கு ஐந்து மாத வேர் இருக்கும். உதகையின் மேற்குப் பகுதி, குந்தா ஆகிய இடங்களில் ஜூன், ஜூலையில்தான் மழை வலுக்கும். அங்கு மே மாதம் நட்டால் இளஞ்செடி நேராக மழையின் வாயில் போய் விழும். எனவே ஆகஸ்டு இறுதி அல்லது செப்டம்பரில் நட்டு, உறைபனிக்கு முன் வேர் பிடிக்கச் செய்ய வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் தரையில் நடவே வேண்டாம். மண்தொட்டியில் நட்டு, மழைக்காலத்தில் தாழ்வாரத்து ஓரத்திற்கு நகர்த்திக்கொள்வதே வழி.

நடும்போது பையில் இருந்த ஆழத்திற்கே நடவும். கழுத்துப் பகுதி மண்ணுக்குள் புதையக் கூடாது. நட்ட பின் செடியைச் சுற்றி ஒரு விரல் கனத்திற்குப் பொடி ஜல்லி பரப்பி வைக்கவும். மற்ற பயிர்களுக்கு நாம் இடும் வைக்கோல், சருகு மூடாக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக் கழுத்தை அழுகச் செய்யும். ஜல்லி வெயிலில் சூடேறிக் கழுத்தை உலர்வாக வைக்கும். மழைத்துளி தெறித்து மண் இலையில் படுவதையும் தடுக்கும். ஒட்டிய மண்ணைக் கழுவி எடுப்பது எவ்வளவு சிரமம் என்பது இந்தச் சிறிய இலையைக் கழுவிப் பார்த்த வீட்டம்மாவுக்குத் தெரியும்.

நீர் விடுதல்

முதல் மூன்று வாரங்கள் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை விடவும். அதன் பிறகு ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்திற்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் நீர் வேண்டாம். மழையில்லாத மாதங்களில் வாரம் அல்லது பத்து நாட்களுக்கு ஒருமுறை, காலை வேளையில், இலையில் படாமல் அடியில் ஊற்றினால் போதும்.

இங்கு ஒன்றை அழுத்திக் கூற விரும்புகிறேன். தைம் செடி வாடித் தொங்கினால் உடனே நீர் ஊற்றி விடாதீர்கள். முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மண் காய்ந்திருந்து செடி வாடினால் அது தாகம், ஊற்றலாம். மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் அது வேரழுகல். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாததால்தான் செடி வாடுகிறது. அதற்கு மேலும் நீர் ஊற்றுவது முடித்து வைப்பதற்குச் சமம். ஐயம் இருந்தால் ஒரு செடியைப் பெயர்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளுத்து உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பேறி, விரலால் உருவினால் தோல் கழன்று நூல்போல் நடுநரம்பு மட்டும் மிஞ்சும். அந்தச் செடியைக் காப்பாற்ற இயலாது. ஆனால் அதன் நுனிக் கிளை இன்னும் பசுமையாக இருந்தால் அன்றே குச்சிகளாக வெட்டி மணலில் ஊன்றிவிடுங்கள். செடி போனாலும் வம்சம் நிற்கும்.

தொடர்மழை நாட்களில் பாத்தியின் மேல் நான்கு குச்சி நட்டு, பாலிதீன் தாளைச் சாய்வாகக் கட்டி, பக்கங்களைக் காற்றுப் புகத் திறந்து விடுவது பலன் தருகிறது. முழுவதும் மூடினால் புழுங்கி, இலையில் பூசணம் பிடிக்கும்.

மற்றபடி பூச்சித் தொல்லை குறைவு. வறண்ட மாதங்களில் சிவப்புச் சிலந்திப் பேன் தாக்கினால் இலை வெளிறிப் புள்ளி விழும். காலையில் நீரை வேகமாகப் பீச்சிக் கழுவினாலே பெரும்பாலும் அடங்கும். சமையலுக்குப் பறிக்கும் தழை என்பதால் பூச்சிக்கொல்லி எதுவும் தெளிக்க வேண்டாம். பக்கத்துப் பாத்தியில் முட்டைகோசுக்குத் தெளிக்கும்போதும் காற்று வீசும் திசையைக் கவனித்துக்கொள்ளவும். பூக்கும் காலத்தில் தேனீக்கள் விடாமல் மொய்க்கும். தேனீப் பெட்டி வைத்திருப்போர் சில செடிகளை வெட்டாமல் பூக்க விடலாம்.

அறுவடையும் உலர்த்தலும்

முதலாண்டில் நுனிகளை இலேசாகக் கிள்ளி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளவும். கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளைகள் வந்து செடி அடர்ந்து புதராகும். இரண்டாம் ஆண்டு முதல் ஆண்டுக்கு இரண்டு முறை வெட்டலாம். பூமொட்டு தோன்றிச் சில பூக்கள் விரியத் தொடங்கும் தருணத்தில் இலையில் எண்ணெய்ச் சத்து மிகுந்திருக்கும். பனித்துளி காய்ந்த பிறகு, வெயில் ஏறுமுன், செடியின் மேற்புறத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் கத்தரியால் வெட்டவும். அரிவாள் போட்டு இழுத்தால் வேர் அசைந்துவிடும். இலையற்ற பழைய மரத்தண்டு வரை ஒருபோதும் வெட்டக் கூடாது. அதிலிருந்து மறுதளிர் வருவது அரிது. பெருமழைக்கு முந்திய மாதத்திலும் உறைபனிக் காலத்திலும் கடுமையாக வெட்டுவதைத் தவிர்க்கவும்.

வெட்டிய தழையைச் சிறு பிடிகளாகக் கட்டிக் காற்றோட்டமுள்ள நிழலில் தலைகீழாகத் தொங்கவிடவும். வெயிலில் காய வைத்தால் நிறமும் மணமும் போய்விடும். மலையில் மூடுபனி நாட்களில் இது காயாமல் கறுத்துப் போவதுண்டு. அதற்காக அடுப்பின் மேல் தொங்கவிட்டால் புகை மணம் ஏறிவிடும். புகை வராத, வெதுவெதுப்பான அறையில் மூங்கில் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, நாளுக்கு இருமுறை புரட்டிவிடவும். நன்கு காய்ந்தால் தண்டு மடங்காமல் முறியும். இலை தொட்டதும் உதிரும். உலர்ந்தபின் எடை நான்கில் ஒரு பங்கு அளவே தேறும். உள்ளங்கையால் கசக்கி இலையை உதிர்த்து, குச்சியை நீக்கி, ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் அடைத்து இருட்டில் வைத்தால் ஓராண்டு வரை மணம் நிற்கும்.

சூப்பு, இறைச்சி வறுவல், ரொட்டி ஆகியவற்றில் மேல்நாட்டார் இதைச் சேர்க்கின்றனர். நமது வீட்டில் உருளைக்கிழங்கு வறுவலை இறக்கும்போது அரைத் தேக்கரண்டி உலர்ந்த இலையைத் தூவிப் பாருங்கள். ஆட்டுக்கால் சூப்புக்கும் பொருந்தும். சளி, இருமலுக்கு இலையை வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கும் பழக்கம் உண்டு. ஆனால் கடையில் விற்கும் தைம் எண்ணெய் மிகவும் காரமானது. அதை உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் மருந்தாகப் பயன்படுத்துமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

விற்பனை

சுற்றுலா ஊர்களில் உள்ள உணவு விடுதிகள் பசுமையான தைம் தழையைச் சிறு பிடிகளாக வாங்குகின்றன. அவர்கள் வேண்டுவது வாரந்தோறும் தவறாமல் கிடைக்கும் சிறிய அளவு. ஒரே நாளில் ஒரு மூட்டையைக் கொண்டுபோய் இறக்கினால் வாங்க ஆள் இராது. "செடி நாங்கள் தருகிறோம், ஏக்கர் கணக்கில் நடுங்கள், விளைச்சல் முழுவதையும் எடுத்துக்கொள்கிறோம்" என்று ஒருவர் வந்தால், காரட்டும் பூண்டும் விளையும் நிலத்தை அதற்காக மாற்றிவிடாதீர்கள். இவர் சென்ற ஆண்டு யாரிடம் வாங்கினார், என்ன விலை கொடுத்தார் என்று விசாரித்து, அந்தத் தோட்டத்தை நேரில் சென்று பாருங்கள். எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் செடிக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். முதலில் ஒரு பாத்தி போட்டு, அது இரண்டு மழைக்காலங்களைத் தாண்டி நின்று, வாங்குபவரும் நிலையாகக் கிடைத்த பின்னர் இன்னொரு பாத்தி சேர்த்துக்கொள்ளலாம். ஒரு சென்டு அளவைத் தாண்டுவதற்கு முன் இரண்டு முறை கணக்குப் பாருங்கள்.

மூன்று நான்கு ஆண்டுகளில் செடியின் நடுப்பகுதி மரத்துப்போய் இலையின்றி வெறுமையாகும். அந்நிலை வருமுன்பே, மூன்றாம் ஆண்டில் ஓரக் கிளைகளில் பதியன் போட்டு வைத்துக்கொள்ளவும். புதிய செடிகளைப் பழைய குழியிலேயே நடாமல், பாத்தியின் மறுகோடியில் மண்ணைக் கொத்திச் சிறிது சுண்ணாம்பு தூவி, மூன்று வாரம் கழித்து நடவும்.